கலங்கரை விளக்கிலிருந்து ஒளியிழை வரை: புதுச்சேரிக் கடற்கரையை முன்வைத்து வழிப்படு ஒளியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

ஒளியிழையினுள் ஒளி செல்லும் முறையைத் தமிழில் விளக்கும்போது ‘முழு அக எதிரொளிப்பு’ என்ற ஒரே தொடரோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இழைக்குள் ஒளி குறிப்பிட்ட சில பாங்குகளில் மட்டுமே செல்கிறது என்பதை இந்த விளக்கம் மறைத்துவிடுகிறது. இப்பாங்குகள் பற்றிய அறிவு எவ்வாறு உருவானது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் எழுந்த காலத்துப் பிரெஞ்சு ஒளியியலே அதன் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளப்படுகிறது. பாங்கு என்னும் கருத்தைத் தமிழ்ச் சூழலில் விளக்க, சர் சி. வி. இராமனின் மிருதங்க ஆய்வு பொருத்தமான வழியைத் தருகிறது என்பதும் இங்கு எடுத்துரைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: புதுச்சேரி, கலங்கரை விளக்கம், ஒளியிழை, பாங்கு, பிரனெல், கொலாதோன், மிருதங்கம்.

அழைக்கும் ஒளி

‘கலங்கரை விளக்கம்’ என்ற சொல்லாட்சி சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையிலேயே இடம்பெற்றுள்ளது. பெரும்பாணாற்றுப்படையும் நீர்ப்பெயற்றுத் துறையில் உயர்ந்த மாடமொன்றில் இரவில் ஏற்றப்பட்ட விளக்கைக் குறிப்பிடுகிறது. கரைதல் என்பதற்கு அழைத்தல் என்று பொருள். எனவே கலங்களை அழைக்கும் விளக்கே கலங்கரை விளக்கம். இன்று பலரும் இச்சொல்லைக் ‘கரையில் உள்ள விளக்கு’ என்றே பிரித்துப் பொருள் கொள்கின்றனர். பழைய பொருளே இயற்பியலுக்கும் நெருக்கமானது. அழைப்பவர் குரலை எல்லாத் திசைக்கும் விடுக்கிறார். கேட்பவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்குச் சற்று அப்பால் நங்கூரமிட, ஆட்களும் சரக்கும் சலங்குகளில் அலைகளைக் கடந்து கரை சேர்வதே நெடுங்கால வழக்கம். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் கப்பல் வரவும் அதையொட்டிய பீரங்கி முழக்கமும் திரும்பத் திரும்பப் பதிவாகின்றன. ஒரு நகரத்தின் வாணிகமும் அரசியலும் கடல் விளிம்பில் ஒரு பாய்மரம் தெரிவதைச் சார்ந்திருந்தன. ஆங்கிலேயரிடமிருந்து 1816இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1836 ஜூலை 1ஆம் நாள், கடற்கரையில் எழுப்பப்பட்ட ஏறத்தாழ 29 மீட்டர் உயரக் கலங்கரை விளக்கம் முதன்முதலில் ஒளியேற்றப்பட்டது.

அந்த உயரத்திலிருந்து கிடைமட்டமாகப் புறப்படும் ஒளியின் எல்லையைப் புவியின் வளைவு முடிவு செய்கிறது. 29 மீட்டர் உயர விளக்குக்குக் கடல் விளிம்பு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில் அமைகிறது. கப்பலின் பாய்மரத்தில் 10 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு மேலும் 11 கிலோமீட்டர் கூடும். விளக்கை எவ்வளவு வலிமையாக்கினாலும் அதற்கு அப்பால் நேரடியாகக் காண இயலாது. ஒளி நேர்க்கோட்டில் செல்கிறது, கடலோ வளைந்திருக்கிறது என்பதே தடை. இத்தடைக்கு உள்ளே இன்னொரு தடையும் உண்டு. விரியும் ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும். இரண்டாவது தடையைத் தளர்த்தும் கலையையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பொறியாளர்கள் வளர்த்தனர்.

பிரனெல் விட்டுச்சென்ற இரண்டு

பிரான்சின் கலங்கரை விளக்கக் குழுவில் உறுப்பினராக இருந்த வானியலாளர் பிரான்சுவா அராகோ, 1819இல் ஒகுஸ்தென் பிரனெலை அப்பணிக்குள் கொண்டுவந்தார். பிரனெல் உருவாக்கிய படிக்கட்டு வில்லை 1823இல் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஒளிர்ந்தது. பருமனான ஒற்றை வில்லைக்குப் பதிலாக வளையம் வளையமாக அமைந்த கண்ணாடிப் பட்டகங்கள், எல்லாப் புறமும் சிதறும் விளக்கொளியைத் திரட்டிக் கடல் நோக்கி அனுப்பின. வில்லையின் மேலும் கீழும் வீணாகும் ஒளியைத் திருப்ப, முழு அக எதிரொளிப்பைப் பயன்படுத்தும் பட்டக வளையங்களையும் அவர் வடிவமைத்தார்.

பிரனெலின் பெயர் இன்று பெரும்பாலும் வில்லையோடு மட்டும் இணைத்துப் பேசப்படுகிறது. ஆனால் இக்கட்டுரையின் பொருளுக்கு அவருடைய மற்றொரு பணியே முதன்மையானது. அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்குறைந்த ஊடகத்தை நோக்கிச் செல்லும் ஒளி, மாறுநிலைக் கோணத்தை மீறிய சாய்வில் எல்லையைத் தொட்டால் முழுவதும் திரும்பிவிடும். கெப்ளர் 1611இலேயே இதை அறிந்திருந்தார். அவ்வாறு திரும்பும் அலையின் கட்டம் சற்றே பெயர்கிறது என்பதையும், அப்பெயர்ச்சி சாய்கோணத்தைப் பொறுத்து மாறுகிறது என்பதையும் 1823ஆம் ஆண்டளவில் பிரனெல் கணக்கிட்டுக் காட்டினார். அக்காலத்தில் இது முனைவுற்ற ஒளி பற்றிய நுட்பமான சிக்கலாக மட்டுமே தோன்றியது. ஒளியிழையில் எந்தப் பாங்குகள் நிலைக்கும், எவை நிலைக்கா என்பதைத் தீர்மானிக்கும் கணக்கில் இந்தக் கட்டப் பெயர்ச்சி தவிர்க்க இயலாத உறுப்பாகும் என்பதை 1827இல் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்த பிரனெல் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

ஜெனீவாவின் நீர்த்தாரை

புதுச்சேரியில் விளக்கு ஏற்றப்பட்டு ஐந்தாண்டுகள் கழித்து, ஜெனீவாவில் இயற்பியலாளர் தானியேல் கொலாதோன் வகுப்பறைச் சிக்கல் ஒன்றைச் சந்தித்தார். துளையிலிருந்து வளைந்து பாயும் நீர்த்தாரையின் வடிவத்தை அரங்கில் பின்வரிசையில் உள்ளோரும் காண வேண்டும். தொட்டியின் எதிர்ப்புறத்திலிருந்து வில்லை வழியே ஒளியைத் துளைக்குள் செலுத்தியபோது, ஒளி தாரையினுள்ளேயே சிக்கி, தாரை வளைந்த வழியெல்லாம் தானும் வளைந்து சென்றது. நீர் சிதறும் இடத்தில்தான் வெளிப்பட்டது. நேர்க்கோட்டில் மட்டும் செல்லும் ஒளி வளைந்தது போன்ற இக்காட்சி 1841இல் நிகழ்ந்தது. 1842இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் வாராந்தர அறிக்கையில் அது வெளியானது.

அக்கழகத்தின் நிலையான செயலராக அப்போது இருந்தவர் அதே அராகோதான். கலங்கரை விளக்கப் பணிக்குப் பிரனெலை அழைத்த கை, கொலாதோனின் குறிப்பையும் அச்சேற்றியது. அதே ஆண்டு ழாக் பாபினே எழுதிய சிறு குறிப்பில் வளைந்த கண்ணாடித் தண்டின் வழியாகவும் ஒளியைக் கொண்டுசெல்லலாம் என்றும், வாயின் உட்புறத்தை ஒளியூட்ட அது பயன்படும் என்றும் கூறினார். பிற்கால உள்நோக்கியின் கரு அந்தச் சில வரிகளில் இருக்கிறது.

இருப்பினும், ஒளியிழை வரலாற்றைத் தொடும் நூல்கள் பலவும் இப்பெருமையை ஜான் டின்டாலுக்கே அளித்து வந்துள்ளன. டின்டால் இலண்டனில் நீர்த்தாரைச் செய்முறையைக் காட்டியது 1854இல். ஜெஃப் ஹெக்ட் 1999இல் வெளியிட்ட ஒளியிழை வரலாற்று நூல் இப்பிழையை விரிவாகத் திருத்தியுள்ளது. டின்டால் ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற சொற்பொழிவாளர் என்பதும், கொலாதோனின் குறிப்பு பிரெஞ்சில் அமைந்தது என்பதும் இப்பிழைக்குப் பெரிதும் துணைநின்றிருக்க வேண்டும். தமிழகத்து அறிவியல் கல்வி ஆங்கில வழியாகவே வந்தமையால் இங்கும் டின்டாலே நிலைபெற்றார். பிரெஞ்சு மொழி நெடுங்காலம் கல்வி மொழியாக வழங்கிய புதுச்சேரிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு எனலாம்.

கதிரிலிருந்து பாங்கிற்கு

கொலாதோனின் நீர்த்தாரை ஒரு விரல் அளவுக்குப் பருமனானது. அதனுள் ஒளியைக் கதிராகக் கருதினாலே போதும். சுவரில் பட்டுப் பட்டுத் திரும்பும் பந்தைப் போல அது முன்னேறுகிறது என்ற விளக்கத்தில் குறையில்லை. பள்ளி நிலையில் ஒளியிழை, முழு அக எதிரொளிப்பின் பயன்பாடாகவே அறிமுகமாகிறது. ஆனால் இன்றைய தொலைத்தொடர்பு இழையின் உள்ளகம் 8 அல்லது 9 மைக்ரோமீட்டர் விட்டமே உடையது. அதில் செல்லும் ஒளியின் அலைநீளம் 1.3 அல்லது 1.55 மைக்ரோமீட்டர். வழியின் அகலம் அலையின் நீளத்தைப் போல் ஏழெட்டு மடங்குக்குள் சுருங்கிவிட்ட நிலையில் பந்து என்ற உவமை பயனற்றுப் போகிறது.

அலை எல்லையில் பட்டுத் திரும்பி, எதிர் எல்லையையும் தொட்டு மீண்டும் பழைய நிலைக்கு வரும்போது, அது தன் கட்டத்தோடு தானே பொருந்த வேண்டும். கடந்த தொலைவால் ஏற்படும் கட்ட மாற்றத்தோடு, பிரனெல் கணித்த இரண்டு எதிரொளிப்புப் பெயர்ச்சிகளையும் கூட்டினால் முழுச் சுற்றுகளின் எண்ணிக்கை கிடைக்க வேண்டும். கிடைத்தால் அலை தன்னைத்தானே வலுப்படுத்திக்கொண்டு செல்லும். இல்லையெனில் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எனவே மாறுநிலைக் கோணத்தை மீறிய எல்லாச் சாய்வுகளும் அனுமதிக்கப்படுவதில்லை. எண்ணத்தக்க சில மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. அவ்வாறு அனுமதிக்கப்பட்ட ஒவ்வொரு வடிவமும் ஒரு பாங்கு. இழையின் நெடுகிலும் அதன் குறுக்கு வடிவம் மாறாது. ஒவ்வொரு பாங்கும் தனக்கே உரிய வேகத்தில் செல்லும்.

மின்கடத்தா உருளையில் மின்காந்த அலைகள் இவ்வாறு செல்லக்கூடும் என்பதை 1910இல் ஹோண்ட்ரோசும் டிபையும் கணித முறையில் நிறுவினர். அப்போது அது வானொலி அலைகளின் கணக்காகவே பார்க்கப்பட்டது. கண்ணுக்குப் புலனாகும் ஒளிக்கு அக்கணக்கைப் பொருத்தி, மெல்லிய கண்ணாடி இழைகளில் பாங்குகளை எலியாஸ் சுனிட்சர் 1961இல் விளக்கும்வரை அரை நூற்றாண்டு கழிந்தது. இழையின் உள்ளகத்துக்கும் உறைக்கும் இடையே ஒளிவிலகல் எண் மிகச் சிறிதளவே வேறுபடுகிறது என்பதைப் பயன்படுத்தி, 1971இல் குளோகே இக்கணக்கை எளிமையாக்கினார். இன்று மாணவர்கள் கற்பது பெரும்பாலும் இந்த எளிய வடிவத்தையே. இந்தியாவில் சோதாவும் அஜய் கட்டக்கும் 1977இல் சீரற்ற ஒளி அலைநடத்திகள் குறித்து எழுதிய நூலும், கட்டக்கும் கே. தியாகராஜனும் 1998இல் எழுதிய ஒளியிழையியல் அறிமுக நூலும் இப்பாடத்தை ஒரு தலைமுறை மாணவரிடம் கொண்டு சேர்த்தன.

வலந்தலையும் இழையும்

பாங்கு என்ற கருத்துத் தமிழ் மாணவருக்கு அயலானதாகத் தோன்றத் தேவையில்லை. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், ஒளிச் சிதறல் ஆய்வுக்கு முன்பே இசைக்கருவிகளின் அதிர்வுகளை ஆராய்ந்தவர். 1920இல் குறுங்கட்டுரையாகவும் 1934இல் விரிவாகவும் அவர் வெளியிட்ட ஆய்வு, மிருதங்கமும் தபலாவும் ஏன் சுருதியோடு ஒலிக்கின்றன என்ற வினாவுக்கு விடை தந்தது.

வட்டத் தோலை ஓரத்தில் இறுகக் கட்டி அடித்தால் அது விரும்பியபடியெல்லாம் அதிர்வதில்லை. குறிப்பிட்ட சில வடிவங்களிலேயே அதிரும். அவ்வடிவங்களின் அதிர்வெண்களைப் பெசல் சார்புகளின் சுழி மதிப்புகள் தருகின்றன: 2.405, 3.832, 5.136 என்று அவை தொடங்குகின்றன. முதல் இரண்டின் விகிதம் ஏறத்தாழ 1.59. முழு எண்ணாக அமையாத இவ்விகிதங்களால்தான் சாதாரணப் பறையொலியில் தெளிவான சுருதி தோன்றுவதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசப்படும் கரணை என்னும் கருநிறச் சாந்து, தோலின் நடுப்பகுதியின் எடையைக் கூட்டி இவ்விகிதங்களை மாற்றுகிறது. ஒன்பது அதிர்வுப் பாங்குகள் ஐந்து இசைவுச் சுரங்களாகத் திரள்வதை இராமன் காட்டினார். கணக்கு அறியாமலேயே காதால் மட்டும் இதைக் கண்டடைந்த கருவி வினைஞர்களை அவர் வியந்து போற்றினார்.

வட்டக் குறுக்குவெட்டு உடைய ஒளியிழையின் கணக்கும் இதே பெசல் சார்புகளால் ஆனது. உள்ளகத்தின் ஆரம், ஒளியின் அலைநீளம், உள்ளகத்துக்கும் உறைக்கும் இடையே உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடு ஆகிய மூன்றையும் சேர்த்து இழைக்கு ஓர் எண்ணைக் கணக்கிடுவர். அவ்வெண் 2.405க்குக் கீழே இருந்தால் இழையில் ஒரே ஒரு பாங்குதான் செல்லும். 2.405ஐத் தாண்டினால் இரண்டாவது பாங்கு தோன்றும், 3.832ஐத் தாண்டினால் மேலும் சில, 5.136இல் அடுத்தது. வெற்றுத் தோலின் அடிப்படை அதிர்வைத் தரும் எண்ணே ஒற்றைப் பாங்கு இழையின் எல்லையையும் வகுக்கிறது. இது தற்செயலான ஒப்புமையன்று. வட்ட எல்லைக்குள் அலை அடங்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையின் இரு வெளிப்பாடுகள்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும். தோலின் ஓரம் கட்டப்பட்டுள்ளதால் அங்கு அசைவு சுழியாகிறது. இழையிலோ ஒளி உள்ளகத்தின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. ஒற்றைப் பாங்கு இழையில் 1.55 மைக்ரோமீட்டர் ஒளியின் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உறையின் வழியாகவே செல்கிறது. கதிர் விளக்கத்தின்படி உறைக்குள் ஒளி புகவே கூடாது. உறை வெறும் பாதுகாப்புப் போர்வை அன்று, ஒளி செல்லும் வழியின் ஒரு பகுதி என்பதை இழை வரலாறே வருந்திக் கற்றுக்கொண்டது.

1954: உறையின் தேவை

பஞ்சாபின் மோகாவில் பிறந்து இலண்டனில் ஆய்வு செய்த நரிந்தர் சிங் கபானியும் அவருடைய வழிகாட்டி ஹெரால்ட் ஹாப்கின்சும் ஆயிரக்கணக்கான கண்ணாடி இழைகளைக் கற்றையாக்கி அதன் வழியே உருவத்தைக் கடத்திக் காட்டிய குறிப்பு, 1954 ஜனவரி 2ஆம் நாளிட்ட ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் வந்தது. ‘நேச்சர்’ இதழின் அதே எண்ணில் நெதர்லாந்தின் வான் ஹீல் எழுதிய குறிப்பும் இருந்தது. கபானியின் இழைகள் உறையற்றவை. அவை ஒன்றையொன்று தொடும் இடங்களில் ஒளி கசிந்தது. வான் ஹீல் இழைக்கு ஒளிவிலகல் எண் குறைந்த உறையிட்டார். கபானிக்குப் புகழ் சேர்ந்தது நியாயமே. ‘இழை ஒளியியல்’ என்ற துறைப்பெயரை நிலைநிறுத்தியவரும் அவரே. ஆனால் நெடுந்தொலைவுக்கு வழி திறந்தது உறைதான். 1956இல் மிச்சிகனில் இலாரன்சு கர்டிசு கண்ணாடி உறையிட்ட கண்ணாடி இழையை இழுத்தார். மறு ஆண்டே அதில் அமைந்த உள்நோக்கி நோயாளி ஒருவரிடம் பயன்படுத்தப்பட்டது.

மருத்துவருக்கு ஒரு மீட்டர் போதும், செய்திக்குப் போதாது. அக்காலக் கண்ணாடியில் கிலோமீட்டருக்கு 1000 டெசிபல் அளவில் இழப்பு இருந்தது. 1966இல் சார்லஸ் காவோவும் ஹாக்ஹாமும் வெளியிட்ட கட்டுரை இரண்டு செய்திகளைச் சொன்னது. கண்ணாடியைத் தூய்மைப்படுத்தினால் இழப்பு 20 டெசிபலுக்கும் கீழே வரும் என்பது அனைவரும் நினைவுகூரும் செய்தி. இழை ஒற்றைப் பாங்கு உடையதாக இருக்க வேண்டும் என்பது அதே அளவு முதன்மையான செய்தி. பல பாங்குகள் உள்ள இழையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதால் குறிகைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஒளிவிலகல் எண் ஒரு விழுக்காடு வேறுபடும் எளிய இழையில் இந்தக் கலக்கம் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 நானோநொடி.

1970இல் கார்னிங் நிறுவனம் 17 டெசிபலை எட்டியது. 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1.55 மைக்ரோமீட்டர் ஒளிக்கு 0.2 டெசிபல் இழப்புடைய இழையை அறிவித்தனர். 20 டெசிபல் இழையில் ஒரு கிலோமீட்டருக்குப் பின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சும், 0.2 டெசிபல் இழையில் அதே பங்கு 100 கிலோமீட்டருக்குப் பின் எஞ்சும். புதுச்சேரியின் பழைய கலங்கரை விளக்கம் பணி ஓய்வு பெற்று, புதிய விளக்கம் இயங்கத் தொடங்கியதும் அதே 1979இல்தான். ஆண்டுப் பொருத்தம் தற்செயல். எனினும் வரலாற்று ஆய்வாளர் கண்ணில் படாமல் போகாது.

சோழமண்டலக் கரையில் இரண்டாம் முறை

சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கு 1871இல் கடலடித் தந்திக் கம்பி இடப்பட்டது. அது செம்பின் காலம். 2002இல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே 3,200 கிலோமீட்டர் நீளத்தில் ஒளியிழை வடம் இயங்கத் தொடங்கியது. எட்டு இணை இழைகளுடன் நொடிக்கு 8.4 டெராபிட் கொள்ளளவுக்கு அது வடிவமைக்கப்பட்டது. 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் வடம் தொடங்கிவைக்கப்பட்டது. 1987இல் எர்பியம் கலந்த இழைப் பெருக்கி உருவானதால், வழியில் ஒளியை மின்னாக மாற்றாமலேயே வலுவூட்ட முடிகிறது.

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 150 கிலோமீட்டரை ஒளி இழைக்குள் ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் கடக்கும். வழியில் பெருக்கி இல்லையெனில் 30 டெசிபல் இழப்பு நேரும். ஆயிரத்தில் ஒரு பங்கு ஒளி மட்டுமே வந்து சேரும். அதையும் இன்றைய உணர்விகள் கண்டறிய வல்லவை. 1836ஆம் ஆண்டு விளக்கின் ஒளி எட்டிய எல்லையோடு இதை ஒப்பிட்டால் மாற்றத்தின் இயல்பு விளங்கும். விளக்கொளி விரிவதால் மெலிந்தது. இழையொளி விரிவதில்லை, கண்ணாடியின் குறையால் மட்டுமே மெலிகிறது. முதலது கடலில் இருந்த எவரும் காணக்கூடியதாக இருந்தது. இரண்டாவது மறுமுனையில் உள்ளவருக்கு மட்டுமே உரியது. கண்ணுக்குப் புலப்படாத அலைநீளத்தில் செல்வதால் இழையை வெட்டிப் பார்த்தாலும் தெரியாது.

கலைச்சொல் நிலையில் ஒரு பரிந்துரையை இங்கு வைக்கலாம். ஒற்றைப் பாங்கு, பன்முறை, ஓர்வகை எனப் பல வடிவங்கள் எழுத்தில் கலந்து வழங்குகின்றன. ‘முறை’ என்பது செயல்முறையையும், ‘வகை’ என்பது பகுப்பையும் நினைவூட்டுகின்றன. ‘பாங்கு’ என்பதோ ஒன்று தன்னியல்பில் அமைந்து நிற்கும் விதத்தைக் குறிக்கும். தோலின் அதிர்வுக்கும் இழையின் ஒளிக்கும் அச்சொல்லையே பொதுவாக வழங்கினால், இராமனின் மிருதங்கத்தைக் கற்ற மாணவர் ஒளியிழைக்கு வரும்போது 2.405 என்ற எண்ணைப் புதிதாக மனப்பாடம் செய்ய நேராது.